பலகை அடித்த ஜன்னல்

மார்ச் 12. ஒரு திருத்தம். அப்பா இறந்தது காலை ஐந்து இருபதுக்கு. ஐந்தரை என்று எழுதிவிட்டேன். சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுவதை மறந்துவிட்டேன்.

நோட்டில் அவள் இவ்வளவு எழுதுவதற்குள் அண்ணன் வந்து நின்றான்.

“செத்த வீட்லயும் நோட்டா? பரீட்சையா எழுதுற? வண்டி வந்துடுச்சு. அவருக்கு ஒரு நல்ல சட்ட எடுத்துட்டு வா.”

“ஏன், நீ எடுத்தா ஆகாதா?”

“அந்த ரூமுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன். திருடன் திருடன்னு கத்தினாரே, காதுல விழலியா? நீதான் எழுதியே வெச்சியே.”

எழுதித்தான் வைத்திருந்தாள். ‘செவ்வாய், 10.15. பெரியவன் என் வெல்டிங் மெஷினை வண்டியில் ஏற்றுகிறான், எல்லாரும் தலைகீழாக நடக்கிறார்கள் என்று அப்பா கத்தினார். ஜன்னல் மூடியிருந்தது. பிரமை.’ அன்று மாலை டாக்டர் வந்தபோது, “படிச்சுக் காட்டு” என்றான் அண்ணன். நிறுத்தி, தெளிவாகப் படித்தாள். டாக்டர் தூக்கத்துக்கு ஊசி போட்டார். அதன்பின் அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

நாற்பது வருஷம் வெல்டிங் பொறியைப் பார்த்த கண். பகல் வெளிச்சமே முள்ளாகக் குத்துகிறது என்றதால் அண்ணன்தான் ஜன்னலுக்குப் பலகை அடித்தான்.

அவன் குரல் கேட்காதபடி அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விளக்கைப் போடக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் தெரு தொங்கியது. வானம் கீழே, வண்டியின் சக்கரம் மேலே. வெள்ளைச் சட்டையோடு அண்ணன் தலைகீழாக நடந்து, டிரைவரிடம் எதையோ நீட்டினான். பலகையில் பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை.

போன மாதம் மாலைநேர அறிவியல் வகுப்பில் இதே படத்தை ஸ்கேல் வைத்து வரைந்தாள். கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று ஒரு காலத்தில் அறிஞர்களே சொன்னார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒருவர் இருட்டறைக்கு வெளியே விளக்குகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் வெளிச்சமும் சிறு துளை வழியே நேர்கோட்டில் உள்ளே வருவதைக் காட்டினார். மேலிருந்து வருவது கீழே விழும், கீழிருந்து வருவது மேலே. பத்துக்கு ஒன்பது மார்க். அம்புக்குறி போடாததற்கு ஒன்று போயிற்று.

“விளக்க அணைச்சுத் தொலைங்க!” யார் உள்ளே வந்தாலும் அப்பா அப்படித்தான் கத்தினார். வந்தவர்கள் எல்லாரும் முதலில் விளக்கைத்தான் போட்டார்கள், அவளும்தான். நோட்டில் அதற்கு எதிரே ‘எரிச்சல்’ என்று எழுதியிருந்தாள்.

கதவு திறந்தது. அம்மா. “இருட்டுல என்னடி பண்ற?” சுவிட்சைப் போட்டாள். சுவர் வெறும் சுவரானது.

“அப்பாவோட மெஷின் எங்கம்மா?”

அம்மா கட்டில் விரிப்பைச் சரிசெய்தாள். அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை.

“செவ்வாக்கெழம ஒங்கண்ணன் எடுத்துட்டுப் போனான். அவருக்குத் தெரிய வேணாம்னான்.”

“விளக்க அணைம்மா.”

“என்னடி, அவர் மாதிரியே...”

“அணை. கதவையும் சாத்து.”

அம்மா அணைத்தாள். இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். சட்டைக்காக அண்ணன் கையை ஆட்டிக் கூப்பிட்டபடி, கால் மேலே தலை கீழே, வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

நாளை: டாக்டரிடம் போய், செவ்வாய்க்கிழமை 10.15 குறிப்பு தவறு என்று சொல்ல வேண்டும்.