'இல்லை'யை விடாத பெட்டி

1.

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒன்று கேட்டால், எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே 'இல்லை' என்கிறார்கள். இப்போது பெட்டிகளையும் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். ஹட்டனில் இன்டர்நெட் கடை வைத்திருக்கும் ஜீவராஜ் சொன்ன கதை இது. பாதிதான் நம்பினேன். மீதியை நானே போட்டு எழுதுகிறேன்.

2.

பனி விலகாத ஒரு காலைப்பொழுதில், மலைமுகடுகள்...

(வேண்டாம். பனி இல்லாமல் இந்தப் பக்கத்துக் கதையை எவனும் தொடங்குவதில்லை.)

2004. கடையில் ஐந்து கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன். ஒரு தளத்தின் பெயரை அடித்தால், அது எங்கே இருக்கிறது என்று கொழும்பில் கேட்டு வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் தாமதம். ஜீவராஜ் ஒரு பழைய கம்ப்யூட்டரை நடுவில் வைத்தான். ஒரு தடவை கேட்டு வந்த பதிலை அது பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்துக் கேட்பவர்களுக்குத் தானே சொல்லிவிடும். டி.என்.எஸ். கேஷ் என்றான். சரி, இருக்கட்டும்.

3.

டிக்கோயாப் பக்கத் தோட்டத்திலிருந்து செல்லசாமி, மகள் சுலக்ஷனாவோடு வந்தார். நர்ஸ் பயிற்சிக்குப் புதுத் தளமொன்றில் அன்று பதியவேண்டும். முந்துகிறவர்களுக்கே இடம். பத்து மணிக்குத்தான் தளம் திறக்கும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய வேலை போய்விடும் என்றே வாழ்ந்த மனிதர், கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லி நச்சரித்தார். ஜீவராஜ் அடித்தான். அப்படியொரு தளமே இல்லை என்று வந்தது.

பத்து மணிக்கும் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. எதிரே இருந்த இன்னொரு இன்டர்நெட் கடையில் பதிந்துவிட்டு ஒரு பெண் சிரித்தபடி படியிறங்கினாள்.

"அப்பா, அங்க வருது."

ஜீவராஜ் நடுவில் வைத்திருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். "காலையில கேட்டோம்ல மாமா. அப்ப வந்த பதிலையே இது திருப்பித் திருப்பிச் சொல்லுதுங்க."

"இல்லங்கிறதையுமா பிடிச்சு வச்சிருக்கும்?"

"ஆமாங்க."

"எங்க தோட்டத்துல வேல பிரிச்சுக் குடுக்கிற கண்டாக்குக்கு ஏத்த பொட்டி. காலையில வேல இல்லன்னுட்டா, பொறகு தொரையே கூப்புட்டாலும் அவருக்கு இல்லதான்."

ஜீவராஜ் பெட்டியை அணைத்து, மறுபடி போட்டான். அது பிடித்து வைத்திருந்த 'இல்லை' அழிந்துபோனது. பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. சுலக்ஷனா எல்லாம் நிரப்பி, பட்டனை அழுத்தினாள்.

4.

முடிவு ஒன்று: இடம் கிடைத்தது. (ஜீவராஜ் சொன்னது. தன் கடைக்குப் பழி வராமல் பார்த்துக்கொள்பவன்.)

முடிவு இரண்டு: இடங்கள் நிரம்பிவிட்டன என்று வந்தது. செல்லசாமி மகளிடம்...

(எழுத வரவில்லை.)

டிக்கோயா பஸ்ஸில் ஏறினால் அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டிலேயே கேட்டுவிடலாம். நான் ஏறவில்லை. வேண்டுமானால் நீங்கள் போய்க் கேளுங்கள். என் கதையில் அவள் இன்னும் பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் இருக்கிறாள். அவர் அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நிற்கிறார். இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போகிறேன். அந்தப் பெட்டியை நான் இன்னும் நம்பவில்லை.