வீடியோ காலில் காட்டிய வீடு

எங்கள் வீட்டு வாசற்படியில் கிரானைட் பதித்திருக்கிறது. அப்பா ஸ்கூல் வேன் ஓட்டிச் சம்பாதித்த காலத்தில் போட்டது. கொரோனாவில் ஸ்கூலை மூடியதும் வேன் நின்றது. நான் நைட் ஷிஃப்ட் போன கம்பெனி பாதிப் பேரைத்தான் கூப்பிட்டது. அந்தப் பாதியில் நான் இல்லை. கிரானைட் மட்டும் பளபளவென்று இருந்தது.

தங்கை சரண்யாவின் காலேஜில், வருமானம் நின்றுபோன வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து அவசர உதவியாகப் பத்தாயிரம் தருவதாகச் சொன்னார்கள். ஃபீஸ் கட்ட எங்களுக்கு வேறு வழியில்லை. ஊரடங்கில் நேரில் வர முடியாது என்பதால், ஒரு சார் வீடியோ காலில் வீட்டைப் பார்ப்பாராம்.

"இந்தப் படியப் பாத்தா எவன்டி குடுப்பான்?" என்றேன்.

"நம்மகிட்ட காசு இல்லாதது நெசந்தானே?"

"நெசத்த போன்ல காட்ட முடியுமா?"

நான் காலேஜை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். அவளும் விடக்கூடாது என்பதைத் தவிர அப்போது எதையும் யோசிக்கவில்லை.

ஒதியம்பட்டில் எங்களுக்குப் பின்வீடு அம்சவள்ளி சின்னம்மாவுடையது. தகரக் கூரை. ஒரு பக்கம் சுவருக்குப் பதில், யாருடைய கல்யாணத்துக்கோ வைத்த ஃப்ளெக்ஸ் பேனர். அதில் மணப்பெண்ணின் பாதி முகம்தான் மிச்சம். சின்னம்மா பாண்டியில் வீட்டுவேலை செய்தவர். பஸ் நின்றதும் வேலையும் நின்றது. அவர் மகள் ஜெயசித்ராவும் சரண்யாவும் ஒரே காலேஜ். அவளும் அந்த உதவிக்கு மனு போட்டிருந்தாள். அது எனக்குத் தெரியும்.

"அரமணி நேரம் வூட்டக் குடு சின்னம்மா."

"இன்னாத்துக்குடா, பொண்ணு பாக்க வராங்களா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"வூடு இன்னா தேஞ்சா பூடும்? வா," என்று துடைப்பத்தை எடுத்தார்.

"கூட்டாத சின்னம்மா," என்றேன்.

சரண்யா அந்த பேனர் முன்னால் நின்று பேசினாள். பணம் வந்தது. ஃபீஸ் கட்டினோம்.

சில நாள் கழித்து ஜெயசித்ராவுக்கு வீடியோ கால் வந்தது. அதே சார்தான். அவளுக்குப் பணம் வரவில்லை.

சின்னம்மா என்னைக் கூப்பிட்டார். "அந்த சார்கிட்ட நீ பேசுடா வேலு. உனக்குத்தான் பேசத் தெரியும். ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். பக்கத்து வீடு என்று சொல்லி, பணம் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"அந்த வீட்ட ஏற்கெனவே வேற ஒரு பொண்ணு காட்டியிருக்குப்பா," என்றார் சார். "ரெண்டு கால்ல எடுத்த போட்டோலயும் அதே பேனர், அதே பாதி முகம். யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க. ரெண்டாவதா வந்தத நிறுத்தி வச்சிருக்கோம். சாயங்காலத்தோட முடிச்சிடுவோம். நீங்க அக்கம்பக்கம்தானே? சொல்லுங்க, அது யார் வீடு?"

சின்னம்மா தன் வீட்டில் நின்றபடி என்னைப் பார்த்தார். ஜெயசித்ரா பார்க்கவில்லை. பேனர் ஓரத்தில் பிரிந்திருந்த இழையை இழுத்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் சரண்யா பணத்தைத் திருப்பித் தர வேண்டும். திருப்ப எங்களிடம் எதுவும் இல்லை.

"ஹலோ, கேக்குதா?" என்றார் சார்.

"கேக்கல சார்," என்று சொல்லி கட் பண்ணினேன்.

"பேலன்ஸ் தீந்துடுச்சாண்ணா?" என்றாள் ஜெயசித்ரா.

"டவர் இல்ல."

"எங்க வூட்ல நல்லாக் கெடைக்குமே. சரண்யா பேசுனாளே."

"வுடுடி," என்று சின்னம்மா அவளை அதட்டினார். "சரண்யாவுக்காவது வந்துச்சே."

அவர் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். சாயங்காலம் வரை நேரம் இருந்தது. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இருட்டிய பிறகுதான் எழுந்தேன்.

ஊரடங்கைத் தளர்த்தியதும் கம்பெனி என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒரு நாள் காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வேனிலிருந்து இறங்கினேன். பகல் ஷிஃப்டுக்கு ஏற நின்ற பெண்களில் ஜெயசித்ராவும் இருந்தாள். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு. காலேஜ் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

"எந்த சீட்டுண்ணா குலுக்காது?" என்றாள்.

"டிரைவருக்குப் பின்னாடி."

ஏறிப் போய் அதில் உட்கார்ந்தாள்.