திறந்திருந்த கடை மூடப்பட்ட கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்களுக்கு இணையப் பக்கம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. நல்ல கைலி எங்கே கிடைக்கும் என்று யாராவது தேடினால் என் வாடிக்கையாளரின் கடை முதலில் வந்து நிற்க வேண்டும். அதற்கேற்ற சொற்களை வாக்கியங்களுக்குள் வைத்துத் தைக்க வேண்டும். ஒரே பத்தியில் 'கைலி' என்று கூச்சமில்லாமல் ஆறு முறை எழுதிய கை இது. கதை எழுத உட்கார்ந்தாலும் அந்தப் புத்தி போகாது.

முதல் தொடக்கம்: 'டன்லப் தெருவில் அன்று மழை பெய்துகொண்டி' — வேண்டாம். இந்த ஊரில் மழையைவிட மழையில் தொடங்கும் கதைகள் அதிகம்.

இரண்டாவது: 'பதுருன்னிசா ஒரு பாவப்பட்ட' — படித்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பாவப்பட்டவரும் இல்லை.

மூன்றாவது, நடந்தபடியே.

2

"வித்யா, கொஞ்சம் கடைப் பக்கம் வா. ஆளே வரமாட்டேங்குது" என்று பதுருன்னிசா அக்கா கூப்பிட்டார். அவரும் அவர் கணவர் யாக்கூப் பாயும் அதிராம்பட்டினத்துக்காரர்கள். கைலி, தொப்பி, அத்தர் விற்கும் கடை. கல்லாவில் பாய், மற்ற எல்லா இடத்திலும் அக்கா. குவீன்ஸ்டவுனில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரயில் பிடித்துப் போனேன்.

"செம்பவாங் கப்பல் பட்டறையில வேலை பாக்குற தம்பிங்க ஞாயித்துக்கிழமை தவறாம வருவாங்க. அவங்களையும் காணோம்லா" என்றார்.

நான் புதுக் கருவி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். கடையின் இணையப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்கள் கேட்பதற்குத் தானே பதில் சொல்லும் அரட்டைப் பெட்டி. கடையைப் பற்றி இணையத்தில் இருப்பதையெல்லாம் படித்துவிட்டுப் பேசும். தெரியாத கேள்வி வந்தால் என் கைபேசிக்குத் தள்ளிவிடும். சோதித்துப் பார்க்கலாம், ஏதாவது கேளுங்கள் என்றேன். அக்கா ஒற்றை விரலால் தட்டினார்: 'இன்னிக்கி கடை தொறந்திருக்கா?'

பதில் வந்தது: 'வருந்துகிறோம். இந்தக் கடை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. இதுவரை அளித்த ஆதரவுக்கு நன்றி.'

அக்கா விளக்கைப் பார்த்தார். சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் எங்க நிக்கிறேன்?"

(குறிப்பு: அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். முன்பெல்லாம் தேடுபொறி வழி காட்டும். நாம் நடந்து போய்ப் பார்ப்போம். இப்போது அதுவே எல்லாவற்றையும் படித்து, இரண்டு வரியில் சொல்லிவிடுகிறது. அதற்குமேல் யார் கிளம்பிப் போகிறார்கள்? என் தொழிலில் இதை முன்னேற்றம் என்கிறார்கள்.)

"யாரு இப்படிப் போட்டுவிட்டது?" அக்காவின் குரல் தணிந்துவிட்டது. "அடுத்த வாரம் லீஸ்ல கையெழுத்துப் போடணும். மூணு வருஷத்துக்கு. போடவா வேணாமான்னு எனக்குத் தெரியணும். நம்மள வேணாம்னு ஜனங்க விட்டுட்டாங்களா, இல்ல எவனாச்சும் வேலை பாத்துட்டானா? கண்டுபிடிச்சுச் சொல்லு."

யாக்கூப் பாய் கல்லாவில் சில்லறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை, எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

3

கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. கடையின் இணையக் கணக்குக்குள் போனால் எந்த மாற்றம் யாரால் என்று இருக்கும். மாற்றியது பாயின் போன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்குப் போகுமுன் பாய் கதவில் தொங்கும் அட்டையைத் திருப்பிவிட்டுப் போவார். யாரும் பஸ் ஏறி வந்து ஏமாறக் கூடாது என்று போனிலும் 'தற்காலிகமாக மூடல்' என்று மாற்றுவார். தொழுதுவிட்டு வந்ததும் அட்டையைத் திருப்புவார், போனையும் திருப்புவார். இப்படி ஒரு ஒழுங்கை நான் வேறு கடையில் பார்த்ததில்லை. ஆனால் அட்டைக்கு இரண்டு பக்கம்தான். போனில் மூன்றாவதாக ஒன்று இருந்தது: நிரந்தரமாக.

விரல் தவறிவிட்டது, அவ்வளவுதான் என்று எழுதி முடித்திருப்பேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் நிரந்தரமாக என்று அமுக்கினால் அது 'உறுதியாகவா?' என்று ஒருமுறை கேட்கும். மறுபடியும் அமுக்க வேண்டும்.

4

(இந்தப் பகுதியில் பாயின் இளமைக்காலம் இருந்தது. எடுத்துவிட்டேன். ஒரு மனிதர் சலித்துப்போவதற்கு இளமைக்காலம் காரணமாக இருக்க வேண்டியதில்லை.)

தேக்கா மார்க்கெட்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு பாயே பேச்சை எடுத்தார்.

"தெரிஞ்சேதான் அமுக்கினேன் வித்யா. தொழுதுட்டு பள்ளிவாசல்லயே உக்காந்துட்டேன். திரும்பப் போயி தொறக்கணுமேன்னு நெனச்சா காலு எழும்பல. அங்கேயே அதை அமுக்கிட்டேன். அப்பறம் வந்து அட்டையத் திருப்பினேன். போனை மட்டும் அப்படியே விட்டுட்டேன்."

"அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே பாய்."

"எப்படிச் சொல்றது? இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து அவளுக்கு எல்லாமே அந்தக் கடைதான். நான் போதும்னு சொன்னா ஒடைஞ்சிடுவா. ஆளு வரலன்னா அவளே விட்டுடுவான்னு பாத்தேன்." டீயை ஆற்றினார். "நீங்க சொல்லிடாதீங்க. ஆயிஷா ஆப்பாட்ட கூட நான் இதச் சொல்லல."

யார் ஆயிஷா ஆப்பா என்று கேட்காதீர்கள். பாயின் கூடப்பிறந்த அக்கா, கதையில் வேலை இல்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபம். மனைவியிடம் சொல்ல முடியாததை மனுஷன் உலகத்துக்கே சொல்லியிருக்கிறார்! அந்தக் கோபத்தோடு பரிதாபமும் இருந்தது, மறைப்பானேன்.

கணக்கில் அன்றே 'திறந்திருக்கிறது' என்று மாற்றினேன். தேடுபொறி இன்னும் நம்பவில்லை.

5

முடிவுகள்:

அ. கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்தில் யார் சந்தேகப்படுவார்கள்? அக்கா கையெழுத்துப் போடுகிறார். பாய் இன்னும் மூன்று வருஷம் கல்லாவில் உட்கார்ந்து —

ஆ. உண்மையைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாய் அட்டையைத் திருப்பும்போது அக்கா அவர் முகத்தையே பார்ப்பார். பாய்க்குக் கொடுத்த வாக்கை மீறிய பாவம் என் கணக்கு.

இ. பாயே சொல்கிறார். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். கேட்டும் பார்த்தேன். "பாப்போம்" என்றார். நம் ஆட்கள் பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

எதை எழுதினாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அக்கா தினமும் காலையில் கடையின் பெயரைத் தேடிப் பார்க்கிறார். இந்தக் கதை இணையத்தில் ஏறினால் அந்த இயந்திரம் இதையும் படிக்கும். நான் சுற்றி வளைத்து எழுதியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, முடிவை மட்டும் இரண்டு வரியில் அவர் கையில் கொடுக்கும். அதனால் ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன். அவர்கள் விற்பது கைலியும் இல்லை. அப்படியும் பயமாகத்தான் இருக்கிறது.

6

மேலே உள்ள பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. அரட்டைப் பெட்டி தன்னால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியை என்னிடம் தள்ளியிருந்தது. கேட்டவர் பதுருன்னிசா அக்கா. நான் போனை எடுக்காததால் அந்த வழியாக வந்திருக்கிறார்.

'யாருன்னு இப்ப கேக்கல வித்யா. நீ போன் எடுக்கலன்னதுமே நம்ம வீட்டு ஆளுதான்னு தெரிஞ்சுபோச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவங்களுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா? எங்கிட்ட மறைக்கிறாங்களா? கடை கெடக்குது.'

கீழே பெட்டியின் பதில்: 'மன்னிக்கவும், இதுபற்றி எங்களிடம் தகவல் இல்லை. எங்கள் அலுவலர் விரைவில் பதிலளிப்பார்.' அலுவலர் நான்தான்.

பாய்க்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏதாவது இருந்திருந்தால் சொல்வது எளிது; அக்கா அந்த நிமிடமே கடையை உதறிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். 'இல்லக்கா, நல்லா இருக்காங்க' என்று தட்டினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டேன்.

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் எழுதுங்கள். 'இல்லை' என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதும், நிம்மதியாகிவிடுவார். ஆனால் அடுத்த நொடியே 'அப்பறம் ஏன்?' என்று கேட்பார். அதற்கும் பதில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். அக்கா இன்னும் இணைப்பில்தான் இருக்கிறார்.