தலைமாட்டில் பாதி எண்

1

இந்தக் கதை ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. ராயபுரத்தில் எனக்குத் தைத்துத் தருபவள் ஆன்சி. அளவெடுத்து முடித்ததும், "மேல வந்து எங்க ரூமைப் பாருக்கா" என்று கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள். இறங்கும்போதே எழுதுவதென்று முடிவு செய்து, அனுமதி கேட்டேன்.

"எழுதுக்கா. ஆனா பாவம்னு மட்டும் எழுதிடாத."

2

முதல் தொடக்கம்: 'வறுமையிலும் காதல் பூத்த அந்தச் சிறிய அறையில்—'

அடித்துவிட்டேன். காரணம் ஆன்சி சொன்னதுதான்.

இரண்டாவது: 'கடலில் செத்த படகொன்று கட்டிலாக மறுபடி பிறந்து—'

படகு தானாகப் பிறக்கவில்லை. ஆன்சியின் கணவன் லூர்து அதை அறுத்தான், இழைத்தான், கட்டைவிரல் நகம் ஒன்றையும் இழந்தான்.

நேராகவே சொல்கிறேன். லூர்து, திருவொற்றியூர்ப் பக்கம் கண்டெய்னர் பழுதுபார்க்கும் யார்டில் வெல்டர். கல்யாணமாகிப் பதினாறு வருடம் அவன் அண்ணன் குடும்பத்தோடு கீழ்வீட்டில், ஒரு புடவைத் தடுப்புக்குப் பின்னால் படுத்தார்கள். பிறகு மொட்டைமாடியில் தாங்களே ஓர் அறை கட்டினார்கள். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள். கட்டில், காசிமேட்டில் உடைத்த விசைப்படகின் பலகை. நீலப் பெயின்டைச் சுரண்டவில்லை. படகின் பதிவு எண்ணில் பாதி தலைமாட்டில் இருக்கிறது. ஜன்னல், சாத்தாங்காட்டுப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த வட்டமான கப்பல் ஜன்னல். திரைச்சீலை, ஜாக்கெட்டுகளில் மிஞ்சிய துண்டுகளை ஆன்சி ஒட்டுப்போட்டுத் தைத்தது. (என் மஞ்சள் பட்டும் அதில் இருந்தது. துணி மிஞ்சவே இல்லை என்று அன்றைக்கு என்னிடம் சாதித்தவள் இவள்தான்.) சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பவை இரண்டு: கல்யாணத்துக்கு முன் இருவரும் சேர்ந்து போன பஸ்ஸின் டிக்கெட், வேலைக்குச் சேர்ந்த வாரம் பொசுங்கிய லூர்துவின் கையுறை.

3

ரோஸ்மேரியிடம்தான் தடுமாறினேன். லூர்துவின் அக்கா. முதலில் அவரை வில்லியாக எழுதினேன்: தடித்த வளையல், மூக்கைப் பொத்தும் கைக்குட்டை. பொய். இறால் கம்பெனியில் விரல் வெளுக்க உரித்துத் தம்பியை ஐடிஐ படிக்கவைத்தவர் அவர். இப்போது மகனோடு அண்ணா நகரில். தம்பியின் இருபதாவது கல்யாண நாளுக்குத் தேக்குக் கட்டில் ஒன்றைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார்.

"ஒடஞ்ச போட்டுல ஏன்டா பட்துகினு கீற? அதக் கழட்டிப் போடு. யாரனா பாத்தா இன்னா நெனப்பாங்க?"

 அந்த அக்காவை லூர்து ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

4

இங்கே உங்களை ஏமாற்றப் பார்த்தேன். புதுக் கட்டில் மாடிப்படியில் திரும்பவில்லை, அதனால் சிக்கல் தீர்ந்தது என்று எழுதியிருந்தேன். உண்மையில் அது கழற்றி மாட்டும் வகை. சுலபமாக மேலே வந்துவிட்டது.

லூர்து ஸ்பேனரோடு பழைய கட்டிலின் பக்கத்தில் குந்தினான். முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான். வைத்தபடியே இருந்தான்.

ஆன்சி வந்து அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, இந்த ரூம்ல ஒரு ஆணிகூட வேற கை அடிக்கல. நானும் உங்க தம்பியும் அடிச்சது. யார் வந்தாலும் கூட்டியாந்து காட்டுவேன். கழட்ட மாட்டேன்."

"அப்ப நான் குட்த்தது?"

"அது கீழ, எங்க பழைய எடத்துல. உங்களுக்குத்தான். எங்க கல்யாணத்துலேர்ந்து நீங்க இங்க ஒருநாள் தங்குனதில்ல. வர்றீங்க, பொழுது சாய்றதுக்குள்ள கெளம்பிடறீங்க."

லூர்து அப்போதுதான் வாயைத் திறந்தான். "ஆமாக்கா. இரு."

ரோஸ்மேரி நீலக் கட்டிலைச் சுற்றி வந்தார். பலகையைத் தட்டினார். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை.

"நீயாடா இழைச்ச?"

"நான் இழைச்சேன். உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்குனது அவ."

"ம்" என்றார். அவ்வளவுதான். கீழே இறங்கினார்.

5

தேக்குக் கட்டிலைக் கீழே மாட்டினார்கள். ஆன்சி விரிப்புப் போட்டாள். ரோஸ்மேரி தோளில் கைப்பையோடு அதன்முன் நின்றார். வெளியே குட்டியானைக்காரர் ஹாரன் அடித்தார்.

அதன்பின் நடந்தது எனக்குத் தெரியும். அவர் புறப்பட்டுப் போவதாக ஒன்றும், கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதாக ஒன்றும் எழுதி, இரண்டையும் கிழித்தேன். அந்தக் கைப்பையைத் தோளிலிருந்து இறக்க நான் யார்?

ஹாரன் இரண்டாம் தடவை கேட்கிறது. யாராவது வாசலுக்குப் போய், அக்கா வருகிறாரா இல்லையா என்று குட்டியானைக்காரருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் போங்கள்.