ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி

...இந்தக் கசப்பு இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லையே, பதினாறு கிலோமீட்டர் ஓடியாயிற்று, ஏப்பத்தில்கூட ஓடுமுன் குடித்த பாட்டிலின் நெடிதான் வருகிறது, வயிறு கலங்குகிறது, கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை... ஐரினுக்கு முன்னால் நான்கு முதுகுகள். இந்தத் தேர்வு ஓட்டத்தில் முதல் மூன்று பேருக்குத்தான் மாநில அணி, அணியில் இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் ஓடினால் என்ன, உருண்டால் என்ன? கீட்டோனாம் கீட்டோன்! சோற்றைக் குறைத்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் ஆக்குமாம், அதையே பாட்டிலிலும் குடித்தால் கடைசிவரை தெம்பு வற்றாதாம், எவனோ ஒரு சைக்கிள்காரன் வீடியோவில் சொன்னான், இவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நஸீரா, கூடப் படித்தவள், அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள். "ஏடி, இதைக் குடிச்சா வேகமா ஓடலாம்னு உறுதியா எந்த ஆராய்ச்சியும் சொல்லலடி. செல பேருக்கு வயித்தைத்தான் கலக்குதாம்." கேட்டாளா? பயந்து போனவளுக்கு எந்தப் புத்தி ஏறும்?

சோற்றை விட வேண்டும், அம்மாவிடம் என்ன சொல்வது... தவக்காலம் வந்தது, வசதியாகப் போயிற்று. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு நின்றுகொண்டு, ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் ஒருசந்தி இருக்கப்போறேம்மா, ஒருவேளைதான் சாப்பாடு, சோறு வேணாம், வெஞ்சனம் மட்டும் போதும் என்றாள். இஞ்ஞாசியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது, மகளுக்கு இம்புட்டு பக்தியா என்று. சர்க்கரை நோய்க்காரி, தானும் கூடவே ஒருசந்தி இருந்தாள். முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தட்டை வைத்தாள். "ஞாயித்துக்கெழமை ஒருசந்தி கெடையாதுடி, ஆண்டவர் உயிர்த்த நாளு, சாப்புடு." நேர்த்திம்மா என்று வாய் கூசாமல் சொன்னாளே! அதற்கப்புறம் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை பட்டினி. போன ஞாயிறு கை நடுங்கி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, பாவி, சொல்லவில்லை...

பின்னால் காலடி. ஆயக்குடிப் பொண்ணு பவித்ரா, இருபது வயசு, மூச்சுகூட வாங்கவில்லை. "ஏனுங்க்கா, இப்படித் தள்ளாடறீங்க? கடலை மிட்டாய் இருக்குதுங்க, வாயில போடுங்க." நீட்டிய கையில் சின்னத் துண்டு, வெல்லம் வெயிலில் இளகியிருந்தது, வாயெல்லாம் எச்சில் ஊறியது, ஒரே ஒரு துண்டு, நாக்கில் வைத்தால்கூடப் போதும்... "வேணாம்மா, இன்னைக்கு ஒருசந்தி." தானாக வந்துவிட்டது. அம்மாவும் இல்லை, பூசை வைக்கும் சாமியார் அய்யாவும் இல்லை, யாருக்கு இந்தப் பொய்? பவித்ரா அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு முன்னால் போனாள். ஐந்து முதுகுகள். அப்புறம் ஆறு. இடப்பக்கம் சிறுமலை எவ்வளவு ஓடினாலும் அங்கேயே நின்றது. திண்டுக்கல் மைதானத்துக்குள் நுழைந்தபோது முதல் மூன்று பேரும் கழுத்தில் துண்டோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள், பவித்ரா மூன்றாவது. அழக்கூட உடம்பில் தண்ணீர் இல்லை. எல்லாம் முடிந்தது. பதினைந்து வருட ஓட்டம், இனி எங்கே ஓட, எதற்கு ஓட?

வேப்பமரத்தடியில் இஞ்ஞாசியம்மாள், மடியில் திறக்காத டிபன் பாக்ஸ். எத்தனாவது என்று கேட்கவில்லை. கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். "உப்பும் சீனியும் கரைச்சிருக்கேன், குடி. நல்லாக் கழுவித்தான் ஊத்துனேன்... என்னா கசப்புடி அது." அதே கீட்டோன் பாட்டில். பழகிப் பார்க்க முதலில் வாங்கி, பாதி குடித்து, பீரோவில் சேலைக்கு அடியில் ஒளித்தது. அடுத்த நாளே காணாமல் போனது, இரண்டாவது ஞாயிற்றுக்கு முன்னாலேயே, தானே எங்கோ எறிந்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

"நீ சாப்டியாம்மா?"

"நீ இன்னும் சாப்புடலையே."

அப்படியென்றால் நேர்த்தி பொய்யென்று அம்மாவுக்கு அப்போதே தெரியும்... தெரிந்துமா இரண்டாவது ஞாயிறு, மூன்றாவது ஞாயிறு, கை நடுங்கிய அந்த ஞாயிறு, இந்த ஞாயிறும்... யாருக்காகம்மா பட்டினி இருந்தாய்? மூடியைத் திருகினாள். எவ்வளவு கழுவியும் விளிம்பில் அந்தக் கசப்பு இருந்தது, உள்ளே சீனி இனித்தது.