பிரவுன் அட்டை போட்ட புத்தகம்

என் வீட்டுக்காரருக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டு. அதைவிடப் பெரிய பழக்கம், மற்றவர்கள் படிக்கிற புத்தகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவது. ஒருவர் ஆசையாக ஒரு புத்தகத்தைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், இவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். எதிரில் இருப்பவர் முகம் சுருங்கும் வரை விடமாட்டார். சத்யநாராயணன் என்று சாமி பெயர் வைத்தார்கள். வாய் மட்டும் சாமி கொடுத்ததாகத் தெரியவில்லை.

இவரைப் போன்றவர்கள் கூடுவதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. கேம்ப் ரோட்டில் எங்கள் காலனியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஜோசலின் டீச்சர் வீடு. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டு மாடி ஹாலில் வாசகர் வட்டம் நடக்கும். பத்துப் பேர் வந்து, புத்தகம் பேசுகிறோம் என்று சண்டை போட்டு, சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். அந்தச் சுண்டல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள் நான். என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, உப்பு சரியாக இருக்கிறதா என்றுகூட.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முறை வைத்து ஒருவர், “அடுத்து நான் என்ன படிக்கலாம், நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை முன்கூட்டியே டீச்சரிடம் ரகசியமாகக் கொடுத்துவிடுவார்கள். டீச்சர் அவற்றுக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பிரவுன் அட்டை போட்டு மேஜையில் அடுக்குவார். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தை மட்டும் உரக்கப் படிப்பார். கேட்டவர் தன் அபிப்பிராயத்தைச் சொல்லி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த பிறகுதான் எது யார் கொடுத்தது என்று தெரியும்.

இந்தக் கூத்தெல்லாம் இவரால் வந்ததுதான். இவருக்கும் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஏசுபாதம் சாருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் கொடுத்த புத்தகத்தை இவர் தொடமாட்டார், இவர் கொடுத்ததை அவர் திறக்கமாட்டார். “ரெண்டு பேரும் ஆளைப் பாக்கறீங்க, புத்தகத்தைப் பாக்கறதில்ல” என்று டீச்சர் திட்டிவிட்டு, அடுத்த மாதமே பிரவுன் பேப்பர் வாங்கி வந்தார்.

போன மாதம் இவர் முறை வந்தது. அது தெரிந்ததிலிருந்தே எனக்குக் கவலை. காரணம் எங்கள் பெண் ஸஹானா.

ஒரே பெண். சிறுசேரியில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். ஹரிபிரசாத் என்கிற பையனை ஊரெல்லாம் சலித்துத் தேர்ந்தெடுத்து அவளுக்குக் கட்டி வைத்தவர் இவர்தான். அது ஒத்துவரவில்லை. விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்து நின்றவளிடம் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டாமா? இந்த மனுஷர், “நான் தேடி எடுத்துக் குடுத்ததையே உனக்கு வெச்சுக்கத் தெரியல. நீயா எதை எடுத்து உருப்படப் போறே?” என்றார். கட்டிய மூட்டையைப் பிரிக்காமலே போய்விட்டாள். நாவலூரில் தனியாக வாடகை வீடு. என்னோடு போனில் பேசுவாள். அப்பாவோடு பேச்சு இல்லை, எங்கள் வீட்டுப் படி ஏறுவதும் இல்லை.

அவளும் அந்த வாசகர் வட்டத்தில் பழைய ஆள்தான். அப்பா முறை என்று தெரிந்ததும் எனக்குப் போன் செய்தாள்.

“அம்மா, நானும் டீச்சர்கிட்ட ஒரு புத்தகம் குடுத்திருக்கேன். அப்பா அதை எடுத்தார்னா அன்னைக்கு நம்ம வீட்லதான் எனக்குச் சாப்பாடு. எடுக்கலைன்னா, வீட்டுக்கு வான்னு இனிமே என்னைக் கூப்பிடவே கூடாது.”

“எந்தப் புத்தகம்டி? சொல்லு, நான் ஜாடையா அவருக்கு...”

“நீ ஜாடை காட்டி எடுத்தா அது அவர் எடுத்தது இல்லம்மா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிடிவாதம் அப்பனை உரித்து வைத்த மாதிரி. நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? இவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, “அன்னைக்கு ஒரு நாளாவது அந்த வாயை அடக்குங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்” என்றேன்.

அவர் சிரித்தார். “என் பொண்ணு என்ன படிப்பான்னு எனக்குத் தெரியாதா, சுந்தரி? முதல் வரியிலயே புடிச்சிடுவேன் பாரு.”

நானும் நம்பித் தொலைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவளுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்து, சேனை வறுத்து, அப்பளத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஸஹானா எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அப்பாவைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். இவர் பதிலுக்குத் தலையை அசைக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய மனுஷராம்.

மேஜையில் மூன்று புத்தகங்கள் இருந்தன. டீச்சர் முதல் புத்தகத்தைப் படித்தார். யாரோ ஒருவர் மலைப்பிரதேசம் போன அனுபவம். இவர் கேட்டு முடிப்பதற்குள், “ரயில் டைம் டேபிள்ல இதைவிட சுவாரசியம் இருக்கும்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியூலாவின் முகம் விழுந்துவிட்டது. பாவம், பேங்கில் வேலை பார்க்கிற பெண், அதிர்ந்து பேசத் தெரியாதவள். அவள் கொடுத்ததுதான் அது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது. இவருக்கு மட்டும் தெரியவில்லை.

இரண்டாவது புத்தகம் சரித்திரக் கதை. குதிரைகள், கோட்டை, ஒற்றன், இருட்டு. இவர் முகத்தில் பல்பு எரிந்தது. பள்ளிக்கூடம் படிக்கும்போது ஸஹானாவுக்கு ராஜா கதை என்றால் உயிர். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு படிப்பாள். அதை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று இவரே முடிவு செய்துகொண்டு, “இதைக் குடுத்தவங்களுக்கு நல்ல ரசனை. யாருன்னு எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்” என்று குழைந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

டீச்சர் மூன்றாவது புத்தகத்தைத் திறந்தார். அதில் ஒரு பெண் தனியாக வாடகைக்கு வந்திருக்கிறாள். புது கேஸ் அடுப்பு வாங்குகிறாள். கொண்டு வந்தவன் பெட்டியை மாடிப்படி கீழேயே வைத்துவிட்டு, வீட்டில் ஆம்பளைங்க யாரும் இல்லையா, கையெழுத்து போட சார் இல்லையா என்று கேட்கிறான். நான்தான் அந்த சார், கொண்டு வா மேலே என்கிறாள் அவள். அவன் சிரிக்கிறான். அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படி ஏறுகிறாள். ஏறி முடிப்பதற்குள் முதல் பக்கம் முடிந்துவிட்டது.

நான் ஸஹானாவைப் பார்த்தேன். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்குப் பொறி தட்டியது. ஐயோ, இதுதான்! இருமினேன். செருமினேன். கரண்டியைத் தட்டினேன்.

“தொண்டை சரியில்லைன்னா தண்ணியைக் குடி. ஏன் உயிரை வாங்கறே?” என்றார் இவர்.

ஏசுபாதம் சாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நல்லாத்தானே கீது சார்? அந்தப் பொண்ணு மேல போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு மனசு அடிச்சுக்குதே” என்றார்.

முடிந்தது கதை. ஏசுபாதம் சார் பரிந்துகொண்டு வந்ததும், கொடுத்தவர் அவர்தான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்ன சார் நல்லா கீது? ஒரு அடுப்பு வாங்கறதுக்கு ஒரு பக்கமா? இதுக்கு ஒரு புத்தகமா? யாரோடயும் ஒத்துப்போக முடியாம தனியா வந்து உக்காந்துகிட்டு, பொட்டி தூக்கறதை வீரம்னு எழுதறா ஒருத்தி. அதை ஒரு ஆளு தலைல தூக்கி வெச்சுக்கிட்டு நமக்குக் குடுக்கறாரு. இதை எடுத்துக்கிட்டு வந்தவங்க வாழ்க்கைல வேற எதையும் உருப்படியா எடுத்திருக்கமாட்டாங்க. எழுதிவெச்சுக்கோங்க.”

பாவி மனுஷா, வீட்டு வாசலில் நின்று எதைச் சொல்லி அவளைத் துரத்தினீரோ அதையே நாலு பேர் முன்னால் சொல்லித் தொலைத்தீரே! எனக்குச் சுண்டலைப் பாத்திரத்தோடு அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

அவரோ எழுந்து போய்ச் சரித்திரக் கதையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “இதுதான் டீச்சர். யாரு குடுத்ததுன்னு சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்துச் சிரித்தார்.

ஜோசலின் டீச்சர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“ஏசுபாதம் சார் குடுத்தது.”

“இன்னா சார், நமக்கு நல்ல ரசனைன்னு சொன்னீங்களே, வாபஸ் வாங்கிடாதீங்க” என்றார் ஏசுபாதம் சார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவருக்கே அது புரிந்து அடங்கிவிட்டார்.

ஸஹானா எழுந்து வந்தாள். மேஜையிலிருந்து அடுப்புப் புத்தகத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். இவர் முகம் வெளுத்துவிட்டது.

“இது... உன்னுதா? எனக்கு எப்படிம்மா தெரியும்? உன் பேர் போட்டிருந்தா நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேனே.”

“தெரியும்ப்பா. அதனாலதான் பேர் போடாத இடத்துல குடுத்தேன்.”

“சரி, குடு. படிக்கறேன். இப்பவே படிக்கறேன்” என்று கையை நீட்டினார்.

“வேண்டாம்ப்பா. நீங்க எடுத்ததைப் படிங்க” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அவள் மாடிப்படியை நோக்கி நடந்தாள். இதோடு போனாள் என்றால் போனதுதான், இனிமேல் கூப்பிடக்கூட வாய் கிடையாது என்று எனக்குத் தெரிந்தது. வத்தக்குழம்பு என்ன, நானே உருண்டு புரண்டு அழுதாலும் வரமாட்டாள். என்னையறியாமல் எழுந்துவிட்டேன்.

“ஜோசலின் டீச்சர், அடுத்த முறை யாருக்கு?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் தடுமாறினார். “அடுத்த மாசம் பியூலா முறை. ஏன், சுந்தரி?”

“எனக்குக் குடுங்க. இப்பவே குடுங்க. பியூலா, கோச்சுக்காதம்மா.”

“ஐயோ, எடுத்துக்கோங்க ஆன்ட்டி” என்றாள் பியூலா.

“உனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்றார் இவர். “வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், உக்காரு.”

“நீங்க பேசினது போதும். கொஞ்சம் வாயை மூடுங்க” என்றேன். நாலு பேர் எதிரில் அவரை நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை, வீடு இடிந்து விழவில்லை. தைரியம் வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து அவர்கள் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

“அடுத்து நான் என்ன படிக்கலாம்? நீங்களே சொல்லுங்க.”

எல்லோருடைய கண்ணும் மாடிப்படிப் பக்கம் போயிற்று. ஸஹானா அங்கேயே நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது, சின்ன வயதில் அழப்போகும்போது சிவக்கிற மாதிரி.

“என்கிட்ட ஒண்ணு இருக்கும்மா” என்றாள். “ஆனா நான் வெளிய குடுக்கறதில்ல. என் வீட்ல வந்து படிக்கணும்.”

“வரேன்” என்றேன். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உதறிவிட்டு, சுண்டல் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் படி இறங்கினேன்.

ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இவர் ஓட்டமாக இறங்கி வந்தார். குதிரைக் கதை கையிலேயே இருந்தது. “சுந்தரி, என்ன இது அசிங்கம்? எப்ப வருவே?” என்றார்.

“படிச்சு முடிச்சதும்.”

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். கல்யாணப் பத்திரிகையைக்கூட விரல் வைத்து, வரி வரியாகத்தான் படித்து முடிப்பேன். அதைச் சொல்லிச் சொந்தக்காரர்கள் முன்னால் அவர் என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை.

ஸஹானா வண்டியைக் கிளப்பினாள். இவர் மாடியை நிமிர்ந்து பார்த்து, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு குரலில் கத்தினார்:

“டீச்சர், அந்தப் புத்தகம் எத்தனை பக்கம்?”