கரி நீலமாகாது

"கஷாயம் காய்ச்சறதுக்கு நாட்டு மருந்துக்கடை வைக்கலாமே, எதுக்கும்மா ஆராய்ச்சி?" என்று மரியஜோசப் சார் கேட்டதும் ஆய்வகமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

1998. சேலத்துக் கல்லூரியில் அவர்தான் என் வழிகாட்டி. வழக்கமான காஸ்டிக் சோடா வேண்டாம், கொய்யா இலைச் சாற்றில் துத்தநாக உப்பைக் காய்ச்சி உலையில் சுட்டாலே வெள்ளை ஆக்சைடு நானோத் துகளாகக் கிடைக்கும், அது பட்ட இடத்தில் பூஞ்சை வளராது என்பது என் பிடிவாதம். உலையில் வைத்த மூசைக் கிண்ணத்தைத் திறந்தால் தூள் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இலையோட கரி. சோடாவுக்கு மாறு. இல்லைன்னா ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கடுகடுவென்று ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன். எங்கள் கடையில் அத்தா, பூஞ்சை மருந்துக்கான நீல மயில்துத்தம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"எஸ்டேட்டுல இன்னுமா மருந்தடிக்கிறாங்க அத்தா?"

"மழைக்கு முந்தியே அடிச்சுட்டாங்க கண்ணு. இது ரெண்டாந்தரம். காப்பிக்கு நடுவுல நிக்கிற கொய்யாக்கூட நொம்ப நீலமா நிக்குது."

தலையில் அடித்துக்கொண்டேன். நான் இலை பறித்ததும் அந்த எஸ்டேட்டில்தான். மயில்துத்தக் கடைக்காரர் மகளுக்கு இலையைப் பார்த்துப் பறிக்கத் தெரியவில்லை!

மறுநாள் சார் முன்னாலேயே அந்தச் சாம்பல் தூளை அமிலத்தில் கரைத்து அமோனியாவை ஊற்றினேன். சோதனைக்குழாய் கருநீலமானது.

"கரி நீலமாகாதுங்க சார். இது செம்பு, மயில்துத்தத்துச் செம்பு. தப்பு என்மேலதான், இலைமேல இல்லைங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஏற்காட்டுக்குப் பக்கத்துக் கரடியூரில், அத்தாவுக்குத் தெரிந்த சித்தன் அண்ணன் தோட்டத்துக்கு மருந்தே போவதில்லை. அவர் வேலியோரத்துக் கொய்யாவில் இலை பறித்துக் கழுவிக் காய்ச்சினேன். தூள் வெள்ளை வெளேரென்று வந்தது. பூஞ்சைத் தட்டில் தூளை வைத்த இடத்தைச் சுற்றி ஒரு இழைகூட வளரவில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

சார் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தலைப்புல கொய்யா இலை வேணாம்மா. பெரிய இடத்துல சிரிப்பாங்க. 'ஒரு புதிய முறை'ன்னு போட்டா இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"சிரிக்கட்டுங்க சார். இங்கேயே கேட்டுப் பழகிட்டேன். செய்ததே இலைதான், அதை எடுத்துட்டா இதுல என்னங்க இருக்கு? கொய்யா இலை இருக்கும்."

பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன். நீட்டிய கையை இறக்கவில்லை. அதை வாங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.